மேசைக்கணினிக்குக் குறைந்த விலைத் தாய்ப்பலகை தேர்ந்தெடுத்தல்: தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து

கடைகளில் மதர்போர்டு என்றும் சுருக்கமாகப் போர்டு என்றும் சொல்லப்படும் தாய்ப்பலகை, ஒரு மேசைக்கணினியின் எல்லா உறுப்புகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் மின்சுற்றுப் பலகை ஆகும். செயலி, ரேம், வன்தட்டு, திரை, விசைப்பலகை என எதுவானாலும் இதன் வழியாகத்தான் மற்றொன்றோடு பேசுகிறது. பழைய கணினியைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் செயலியையோ ரேமையோதான். ஆனால் எந்தச் செயலியைப் போடலாம், எந்த ரேமைப் போடலாம் என்பதை முடிவு செய்வது தாய்ப்பலகை. ஆகவே தவறான பலகையை வாங்கினால் அதோடு வாங்கிய மற்றவையும் வீணாகும்.

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தத் தேர்வுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே பல கணினிகளில் பலகை பழசாவதற்கு முன்பே உப்புக்காற்று அதை அரித்துவிடுகிறது. துறைமுகத்தை ஒட்டிய கப்பல் முகவர் அலுவலகங்கள், முள்ளக்காடு, தருவைக்குளம் பக்கத்து உப்பளங்களின் கணக்கு அறைகள், திரேஸ்புரத்து வீடுகள் என்று கடலுக்கு அருகில் இருக்கும் எந்த இடத்திலும் கணினியின் பின்புறத் திருகாணிகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

இப்போது ஏன் பலர் மாற்றுகிறார்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், யூஇஎஃப்ஐ முறையில் பாதுகாப்பாகத் தொடங்கும் வசதியும், ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலியும் வேண்டும். இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் இந்தப் பட்டியலில் வருகின்றன.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. "உங்கள் கணினியில் டிபிஎம் இல்லை" என்று திரையில் வந்ததும் புதிய பலகை வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். 8-ஆம் தலைமுறைக்குப் பிந்திய கணினிகளில் அந்த வசதி செயலி, பலகை மென்பொருள் ஆகியவற்றுக்குள்ளேயே இருக்கிறது. அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். பயாஸ் அமைப்பில் இன்டெல் பலகையானால் பிடிடி என்றும், ஏஎம்டி பலகையானால் எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை இயக்கினால் போதும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

உண்மையிலேயே பழைய கணினியாக இருந்தாலும், பலகையை மாற்றுவது மட்டுமே வழி என்றில்லை. தட்டச்சு, இணையம், பாடக் காணொளி ஆகியவற்றுக்கு மட்டும் பயன்படும் கணினியில் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, லினக்சு இயங்குதளம் ஒன்றை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சு தமிழிலும் பயன்படுத்தக்கூடியது. கல்லூரிப் பாடத்துக்கு விண்டோசில் மட்டும் இயங்கும் மென்பொருள் தேவைப்படும் மாணவருக்கு இந்த வழி உதவாது. மற்றவர்கள் முதலில் இதைச் செய்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

சாக்கெட்டும் தலைமுறையும்

செயலி அமரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஒரு சாக்கெட்டுக்கான செயலி இன்னொன்றில் அமராது. இன்டெலின் 4-ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1150, 6 முதல் 9 வரை எல்ஜிஏ 1151, 10, 11-க்கு எல்ஜிஏ 1200, 12 முதல் 14 வரை எல்ஜிஏ 1700, அதற்குப் பிந்திய கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851 என்று இது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எண் என்பது சாக்கெட்டில் உள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை.

இதில் பலர் ஏமாந்த இடம் 1151. 6, 7-ஆம் தலைமுறைக்கு வந்த எச்110 போன்ற பலகைகளும், 8, 9-ஆம் தலைமுறைக்கு வந்த எச்310 போன்ற பலகைகளும் ஒரே சாக்கெட் பெயரைக் கொண்டவை. செயலியும் உள்ளே சரியாக அமரும். ஆனால் தொடுமுனைகளின் பயன்பாடு மாறிவிட்டதால் கணினி இயங்காது. ஆகவே சாக்கெட் எண்ணை மட்டும் கேட்டு வாங்கக்கூடாது. பலகை நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பலகைக்கும் செயலி ஆதரவுப் பட்டியல் இருக்கும். அதில் செயலியின் பெயரும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது இயங்கும் என்பதும் இருக்கும். பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

ஏஎம்டி இந்த விஷயத்தில் வாடிக்கையாளருக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 1000 வரிசை தொடங்கி 5000 வரிசை வரை வந்தன. 2018-இல் ரைசன் 3 2200ஜி செயலியோடு வாங்கிய கணினியை எடுத்துக்கொள்வோம். பெயரில் 2000 வரிசை என்றிருந்தாலும் அந்தச் செயலி விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஆனால் பலகை பி450 ஆக இருந்தால் பயாசைப் புதுப்பித்து, ரைசன் 5 5600ஜி செயலியைப் பொருத்திக்கொள்ளலாம். பலகையும் ரேமும் அப்படியே இருக்கும். பயாசைப் பழைய செயலி பலகையில் இருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். புதியதைப் பொருத்திய பிறகு கணினி தொடங்காமல் நின்றால் மறுபடி பழையதைப் போட்டுத்தான் செய்யவேண்டி வரும். புதுப்பிக்கும் சில நிமிடங்களுக்குள் மின்சாரம் போனால் பலகை செயலற்றுப் போகக்கூடும் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

ரேம்தான் இன்று கணக்கை மாற்றுகிறது

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய மூன்றிலும் அடிப்பக்க வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றொன்றின் துளையில் செருக முடியாது; மின்னழுத்தமும் முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட் என்று வேறுபடும். ஆகையால் பலகை மாறும்போது ரேமின் வகையும் மாறினால், ரேமுக்கும் புதிதாகச் செலவு.

2025-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் போவதே காரணம். முன்பு பலகை, செயலி, ரேம் மூன்றில் மிக மலிவானது ரேம் என்ற நிலை இருந்தது. அந்த நிலை போய்விட்டதால், கையில் நல்ல டிடிஆர்4 ரேம் இருப்பவர் அதைப் பயன்படுத்தக்கூடிய பலகையைத் தேடுவதே சிக்கனம்.

எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் எச்610, பி660, பி760 ஆகிய சிப்செட் பலகைகள் டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் தனித்தனி மாதிரிகளாக வருகின்றன. பெயர் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். இறுதியில் டி4 என்ற எழுத்து இருக்கிறதா என்பதிலோ, பெட்டியின் பக்கவாட்டிலோதான் வேறுபாடு தெரியும். ஒரே பலகையில் இரண்டு வகையும் போடலாம் என்று நினைத்து வாங்குவோர் உண்டு. இந்தக் குறைந்த விலைப் பலகைகளில் அப்படிப் போட முடியாது. ஏஎம்4 முழுவதும் டிடிஆர்4. 2022-இல் வந்த ஏஎம்5 முழுவதும் டிடிஆர்5.

எந்தச் சிப்செட் போதும்

சிப்செட் என்பது பலகையின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு. இன்டெலில் எச், பி, இசட் என்றும், ஏஎம்டியில் ஏ, பி, எக்ஸ் என்றும் விலை ஏறிக்கொண்டே போகும். செயலியின் வேகத்தை வரம்புக்கு மேல் முடுக்குவது, பல வரைகலை அட்டைகள் பொருத்துவது போன்றவற்றுக்கே மேல்வரிசைப் பலகைகள் தேவை. படிப்பு, அலுவலகம், கணக்கு, நிரல் எழுதப் பழகுதல், நிழற்படத் திருத்தம் ஆகியவற்றுக்கு எச்610 அல்லது ஏ520 போதும். இவை பெரும்பாலும் ஐயாயிரம் முதல் எட்டாயிரம் ரூபாய் அளவில் கிடைப்பவை.

குறைவு எங்கே என்றும் தெரிந்திருக்க வேண்டும். எச்610 பலகையில் ரேமுக்கு இரண்டு துளைகள் மட்டுமே. எம்.2 எஸ்எஸ்டி பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வேகத்தில்தான் ஓடும். பயன்பாட்டில் அந்த வேறுபாடு மாணவருக்குத் தெரியப்போவதில்லை. முக்கியமான குறை, செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி எளிமையானது என்பதும், மலிவான பலகைகளில் அதன்மேல் வெப்பம் வெளியேற்றும் உலோகத் தகடு இருக்காது என்பதும். கோர் ஐ3, சாதாரண ஐ5 செயலிகளுக்கு இது பிரச்சினையில்லை. ஐ7, ஐ9 செயலியை வாங்கி, மிச்சம் பிடிக்கவென்று எச்610-இல் பொருத்துவது தூத்துக்குடியின் மே மாத வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அறையில் வேலை செய்வோருக்கு உகந்ததல்ல.

அடுத்த பத்தாண்டுக்கும் மேம்படுத்திக்கொண்டே போகவேண்டும் என்பவர்கள் ஏஎம்5-ஐ நினைக்கலாம். அந்தச் சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எல்ஜிஏ 1700, ஏஎம்4 இரண்டும் ஏறத்தாழ ஓட்டத்தை முடித்த சாக்கெட்டுகள். ஆனால் குறைந்த பணத்தில் இன்றைய வேலை நடக்கவேண்டும் என்றால் ஓட்டத்தை முடித்தவையே மேல். அவற்றின் குறைகள் எல்லாம் தெரிந்து, பயாஸ் திருத்தங்களும் வந்து முடிந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 4-ஆம் தலைமுறை ஐ3, எச்81 பலகை, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி வன்தட்டு, விஜிஏ திரை உள்ள கணினி. இப்படிப்பட்டவை வீடுகளில் இன்னும் ஏராளம். இதை மேம்படுத்தினால் செயலி, பலகை, ரேம் மூன்றும் சேர்ந்தே மாறவேண்டும்; ஒன்றைத் தனியாக மாற்ற வழியில்லை. பெட்டியும் விசைப்பலகையும் திரையும் தப்பும். கோர் ஐ3 12100 செயலியும் எச்610 டிடிஆர்4 பலகையும் இதற்குப் பொருந்தும். செயலியின் பெயரில் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் வரைகலைப் பகுதி கிடையாது. தனி வரைகலை அட்டை இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. நூறு இருநூறு குறைவு என்று அதை வாங்கிவிடக்கூடாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600 செயலிக்கும் இதே நிலை; 5600ஜி-யில் வரைகலை உண்டு. திரை பழையது என்றால் விஜிஏ துளை உள்ள எச்610 பலகையையே கேட்டு வாங்கலாம், இன்னும் கிடைக்கின்றன.

எச்61, எச்81 சிப்செட் கொண்ட பலகைகள் புதிய பெட்டியில் மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுவதைப் பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து இணையக் கடைகள் வரை இவை உண்டு. முறையே 2011, 2013-ஆம் ஆண்டுகளில் வந்த சிப்செட்டுகள் இவை. நன்றாக இருக்கும் செயலியையும் ரேமையும் வைத்துக்கொண்டு, பலகை மட்டும் பழுதாகிப்போன கடைக்காரருக்கு ரசீது அச்சடிக்க இது போதுமானது. மாணவருக்கு மேம்பாடு என்று இதை விற்பது சரியல்ல. விண்டோஸ் 11-க்கு இது தகுதி பெறாது.

பெட்டியும் மின்வழங்கியும்

பலகையின் அளவுகளில் ஏடிஎக்ஸ் 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. குறைந்த விலைப் பலகைகள் பெரும்பாலும் மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவிலோ அதைவிடச் சற்றுக் குறுகலாகவோ இருக்கும். எந்தச் சாதாரணப் பெட்டியிலும் அமரும். ஆனால் பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்கென்று செய்து, பின்னர் பழையதாக விற்பனைக்கு வரும் கணினிகளில் பெட்டி, மின்வழங்கி, பலகை மூன்றும் தனி அமைப்பில் இருக்கலாம். வழக்கமான 24 ஊசி இணைப்பு அவற்றில் இருக்காது. அத்தகைய கணினியில் பலகை மட்டும் மாற்றலாம் என்று திட்டமிடுவதற்கு முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்ப்பது அவசியம்.

எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி பத்தாண்டு பழையது என்றால் புதிய பலகையோடு அதைச் சேர்க்காமலிருப்பதே நல்லது. மலிவுப் பெட்டியோடு இலவசமாக வந்த மின்வழங்கியில் 450 வாட் என்று எழுதியிருந்தாலும் அத்தனை வாட் கிடைக்கும் என்று நம்பமுடியாது. பலகையை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவைத்தால், பழுதாகும் மின்வழங்கி புதிய பலகையையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

உப்புக்காற்று செய்யும் வேலை

கடலலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகளாகின்றன. கணினியின் விசிறி அறைக்காற்றை இழுக்கும்போது தூசியோடு இந்தத் துகளும் பலகைமேல் படிகிறது. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே அதைச் செய்யும். சமையலறை உப்புச்சாடி மழைக்காலத்தில் கசிவதும் இதனால்தான். பலகைமேல் அந்தக் கசிவு மின்சாரம் கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகிறது. அருகருகே ஓடும் இரண்டு செப்புக் கோடுகளுக்கிடையே சில வோல்ட் வேறுபாடு இருந்தாலே போதும். உலோகம் ஒன்றிலிருந்து கரைந்து மற்றொன்றை நோக்கி வேர்போல வளரும். அது தொட்டுவிட்டால் பலகை பழுது.

அறிகுறிகள்: மின்கல இருப்பிடத்தில் பச்சைக் களிம்பு, யுஎஸ்பி துளைகளின் உட்புறத்தில் துரு, காலையில் முதல் முறை தொடங்காமல் இரண்டாம், மூன்றாம் முறை தொடங்குவது. கடைசியாகச் சொன்னது நேர்ந்தால் உடனே புதிய பலகை வாங்கவேண்டியதில்லை. ரேம் அட்டையின் பொன்முலாம் பூசிய தொடுபகுதியிலோ துளையிலோ உப்பு படிந்திருக்கலாம். பழுதுநீக்குவோர் பலர் அதை அழிப்பான் கொண்டு தேய்க்கிறார்கள். கணினி எழுந்துவிடும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் பொன்முலாம் குறையும். ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைப்பதே முறை. பிளாஸ்டிக் பையில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டுவைப்பதால் பயனில்லை. பெட்டி திறந்த அமைப்பு என்பதால் பொட்டலம் விரைவிலேயே நிறைந்துவிடும்.

தினமும் இயங்கும் கணினி உள்ளே சற்று வெதுவெதுப்பாக இருப்பதால் ஈரம் தங்குவது குறைவு. கோடை விடுமுறையிலோ, பிள்ளை விடுதிக்குப் போன பிறகோ மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் கணினிதான் விரைவில் அரிக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுவது நல்லது. கடலைப் பார்த்த சன்னலின் நேர்க்கோட்டில் வைக்காமலிருப்பதும், விசிறித் துளைகளுக்குக் கழுவக்கூடிய தூசித்தடுப்பு உள்ள பெட்டியைத் தேர்வதும் பலகையின் ஆயுளைக் கூட்டும்.

சில நிறுவனங்கள் பின்புறத் தகட்டைத் துருப்பிடிக்காத எஃகில் செய்கின்றன, சில ஈரம் தாங்கும் பலகை என்று பெட்டியில் அச்சிடுகின்றன. ஒரே விலையில் இரண்டு பலகைகள் இருந்தால் இதை ஒரு காரணமாகக் கொள்ளலாம். அதற்கென்று ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. பின்புறத் தகடு துருப்பிடிக்காவிட்டாலும் பலகையின் மற்ற இடங்களில் உப்பு படியத்தான் செய்யும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தூத்துக்குடி, ஏரல், திருவைகுண்டம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளத்தில் இருந்த மின்சாதனங்கள் நீரில் மூழ்கின. மேசைக்கணினியின் பெட்டியைத் தரையில் வைக்கும் வழக்கம் எவ்வளவு ஆபத்து என்பதை அந்த மழை காட்டியது. நீரில் மூழ்கிய கணினியை இயங்குகிறதா என்று பார்ப்பதற்காக இணைப்பு கொடுக்கவே கூடாது. மின்கம்பியைக் கழற்றினாலும் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் மின்கலம் பலகையில் இருக்கும்வரை அரிப்பு தொடரும். முதலில் அதை எடுத்துவிட வேண்டும். பிறகு வன்தட்டைத் தனியே எடுத்து, அதிலுள்ள தரவுகளை மீட்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பலகையை மறுபடி வாங்கலாம். பிள்ளைகளின் படங்களையும் கணக்குகளையும் வாங்க முடியாது.

கடையில் பார்க்க வேண்டியவை

நம்பத்தகுந்த நிறுவனப் பலகைகளுக்கு இந்தியாவில் பொதுவாக மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. அதைக் கோருவதற்குப் பலகையின் தொடர் எண் குறிக்கப்பட்ட 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரசீது கையில் இருக்கவேண்டும். ரசீது இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொன்னால், குறையும் தொகை உத்தரவாதத்தின் விலை என்று எடுத்துக்கொள்ளலாம். துரு, களிம்பு, வளைந்த ஊசி ஆகியவை பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேராது. ஆகவே கடற்கரை ஊரில் உத்தரவாதச் சீட்டு பாதிப் பாதுகாப்புதான்.

எல்ஜிஏ வகைப் பலகையில் ஊசிகள் செயலியில் இல்லை, சாக்கெட்டில் உள்ளன. கடைக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட் மூடியைத் தூக்கி, ஊசிகள் ஒரே வரிசையில் மின்னுகின்றனவா என்று சாய்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடக்கூடாது. பின்னாளில் பலகையைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அது தேவை. எச்610 பலகையோடு 13, 14-ஆம் தலைமுறைச் செயலி வாங்குவதானால், பயாஸ் புதுப்பிக்கப்பட்ட சரக்கா என்று கேட்டு, கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லலாம். பழைய பலகை வாங்குவோர் பின்புறத் துளைகளையும் மின்கல இருப்பிடத்தையும் கைவிளக்கடித்துப் பார்த்தாலே அது எங்கே வாழ்ந்த பலகை என்று தெரிந்துவிடும்.

கணினியோடு சேர்ந்தே வந்த விண்டோஸ் உரிமம் பொதுவாகத் தாய்ப்பலகையோடு கட்டுண்டது. பலகை மாறினால் அது செல்லாமல் போகலாம் என்பதால் புதிய உரிமத்தின் விலையையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய முறையில் நிறுவப்பட்ட வன்தட்டு புதிய பலகையில் அப்படியே தொடங்காமலும் போகலாம். பலகையைக் கழற்றுவதற்கு முதல் நாளே வேண்டியவற்றை வேறொரு தட்டில் படியெடுத்துக்கொண்டால், புதிதாக நிறுவுவதில் இழப்பு இல்லை.

கழற்றிய பழைய பலகையில் ஈயமும் செம்பும் மிகச் சிறிதளவு பொன்னும் இருக்கும். பழைய இரும்புக்காரரிடம் போனால் அது திறந்தவெளியில் எரிக்கப்படுவதற்கு வாய்ப்பு அதிகம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியாகவே இத்தகைய கழிவு போகவேண்டும் என்கின்றன. வேலை செய்யும் பலகையாக இருந்தால் அதற்கு முன் பழுதுநீக்கும் கடையில் கேட்டுப் பார்க்கலாம்; எச்81 பலகை கெட்டுப்போய், செயலியோடு காத்திருக்கும் வேறொருவர் அந்த ஊரிலேயே இருக்கக்கூடும்.